சீர்வரிசையில் ஒரு மீன்

வீட்டில் எதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கிற பழக்கம் முத்துராமலிங்கத்துக்குப் பிறவியிலேயே கிடையாது. சித்ரா தைத்து மடித்து வைத்திருந்த பக்கத்து வீட்டுத் தேனம்மை ஆச்சியின் பட்டு ரவிக்கையை எடுத்துக் காளையின் கொம்பைத் துடைத்த மனுசன் அவர். துடைத்துவிட்டு, துணி நல்லா வழுவழுன்னு இருக்கு என்று பாராட்டு வேறு. "ஏங்க, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றால், "இப்ப என்ன ஆகிப்போச்சு?" என்பார். இந்த 'இப்ப என்ன ஆகிப்போச்சு' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டே சித்ராவுக்குப் பாதி முடி நரைத்தது. மீதி நரைத்தது மீனால்.

காரைக்குடி கழனிவாசலில் அவர்கள் வீடு. கொல்லையில் ஒரு பக்கம் மாட்டுக் கொட்டம், மறு பக்கம் மீன் தொட்டி. கொட்டத்தில் நிற்பது கரிச்சான். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் ஒருத்தன் கை திமிலில் படாமல் போய்வந்த காளை. அதற்குப் பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், நாட்டுக்கோழி முட்டை. அது தின்பதில் பாதியைத் தின்றிருந்தால் சித்ராவே மஞ்சுவிரட்டில் ஓடியிருக்கலாம். அதை ஏன் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனால் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து, கண் பூத்துப்போக ஊசி குத்திச் சேர்த்த காசில் அவள் ஜப்பானிலிருந்து ஒரு மீன் வாங்கப் போகிறாள் என்றதும் ஊரே வாயைத் திறந்தது. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

"மீனுதானே? சந்தையில போயி வாங்குனா கொழம்புக்காவது ஆகும்."

இதைச் சொல்லாத சொந்தக்காரர் பாக்கி இல்லை. ஒவ்வொருத்தரும் தானே புதுசாகக் கண்டுபிடித்தது மாதிரி சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சித்ராவும் சிரித்து வைப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவள் வளர்ப்பது கோய் மீன். கெண்டை ஜாதிதான், ஆனால் ஜப்பான்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நிறம் பார்த்து, உடம்பு பார்த்து வளர்த்து எடுத்த கெண்டை. முதலில் செக்காலை ரோட்டில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் சாதிக் அலியிடம் உள்ளூர்க் குஞ்சுகளை வாங்கித்தான் ஆரம்பித்தாள். அவை வளர்ந்தன, வெளுத்தன, சில கோணலாகிப் போயின. சாதிக் அலி சிங்கப்பூரில் கோய்ப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒருநாள் அவரே சொன்னார்.

"தங்கச்சி, உங்க கண்ணு நல்ல கண்ணு. நூலு நெறம் பாத்துப் பழகுன கண்ணு. இந்தக் குப்பையையெல்லாம் விட்டுட்டு, வளக்குறவுக கையிலேர்ந்தே நேரா ஒண்ணு எடுங்க. ஒண்ணே ஒண்ணு. ஆனா குட்டியில எடுக்கணும்."

"ஏன் பாய், வளந்ததையே வாங்குனா என்ன?"

"வளந்த மீனை எவன் வேணாலும் வாங்குவான், காசு இருந்தாப் போதும். ஒரு வயசுக் குட்டியில, எது நாளைக்கு நிக்கும்னு பாத்து எடுக்குறதுதான் சூட்டிகை. இப்பவே செவப்பும் வெள்ளையுமா ஜோரா மினுங்குதுல்ல, அதைத் தொடாதீக. அது பிஞ்சுல பழுத்தது, ரெண்டு வருசத்துல வெளுத்துரும். முதுகைப் பாருங்க, தோளைப் பாருங்க, வாலு ஆரம்பிக்கிற எடம் தடியா இருக்கான்னு பாருங்க. செவப்பையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து பிடித்தது கிறுக்கு. சென்னையில் இறக்குமதி செய்யும் ஏஜெண்டு ஒருவர் மூலம் வீடியோக்கள் வர ஆரம்பித்தன. ஒரு நீலத் தொட்டி, அதில் ஐந்தாறு குட்டி மீன்கள் சுற்றிச் சுற்றி வரும். ஓரத்தில் யாரோ ஒருவருடைய ரப்பர் பூட்ஸ் தெரியும். அவ்வளவுதான் வீடியோ. அதைச் சோறு வடிக்கும்போது பார்த்தாள், ஊசி கோக்கும்போது பார்த்தாள், போன் சுடுகிற வரைக்கும் பார்த்தாள். அதில் ஒரு குட்டி அவள் மனசில் உட்கார்ந்துவிட்டது. புதுத் தேங்காயைக் கீறினால் உள்ளே இருக்குமே, அந்த வெள்ளை. முதுகில் மூன்று இடத்தில் சிவப்பு. சிவப்பு இன்னும் திரளவில்லை, ஓரமெல்லாம் கலங்கலாக இருந்தது. ஆனால் உடம்பு! பொம்பளை மீன், தோள் அகலமாக, அவசரமே இல்லாமல் நீந்தியது.

முத்துராமலிங்கம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இதுக்கு சுழி எங்க இருக்கு?"

"மீனுக்கு ஏதுங்க சுழி?"

"சுழி பாக்காம ஒரு உசுரை வீட்டுக்குள்ள விடுவாகளா?" காளை வாங்கப் போனால் உடம்பில் முடி சுழிக்கிற இடம் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, சுத்தமில்லை என்றால் சும்மா கொடுத்தாலும் கயிற்றைத் தொடாத ஆள் அவர். போனை வாங்கி மூக்குக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தா, இந்த மீனு முதுகுல செவப்பு கெடக்குறது பாடைச் சுழி மாதிரியே இருக்கு. இது ஆகாது. அந்தா அங்குட்டு ஓடுது பாரு, நெத்தியில பொட்டு வச்சது, அதை எடு."

அவர் பாடை என்று சொன்ன மீனைத்தான் அவள் எடுக்கப் போகிறாள். அதைச் சொன்னால் பேச்சு வளரும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனை வாங்கிக்கொண்டாள்.

விஷயம் அதோடு முடிந்ததா? வளர்ப்பவரோடு நேரில் வீடியோவில் பேச ஏஜெண்டு ஏற்பாடு செய்த அன்று, முத்துராமலிங்கம் கூப்பிடாமலே சாதிக் அலி கடைக்கு வந்து நின்றார். அந்தப் பக்கம் போனில் ஜப்பான்காரர், வயசானவர், தலையில் துண்டு கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் நம்மாளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"துண்டு வச்சிருக்காருல்ல? அதைக் கைமேல போடச் சொல்லு பாய். மாட்டுச் சந்தை மாதிரி துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு வெலை பேசிருவோம்."

"மச்சான், அவரு கடலு தாண்டி இருக்காரு. வெரலை எப்புடிப் புடிப்பீக?"

"அப்ப வாயால எப்புடிய்யா வெலை பேசுறது, நாலு பேரு கேக்குற மாதிரி?"

சித்ராவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஜப்பான்காரர் ஒன்றும் புரியாமல் குனிந்து வணங்கினார். முத்துராமலிங்கம் பதிலுக்குப் பெரிய கும்பிடு போட்டார். அவர் மறுபடி குனிந்தார், இவர் மறுபடி கும்பிட்டார். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் சாதிக் அலி டீ வாங்கித் தருகிறேன் என்று சொல்லி மனுசனை வெளியே கூட்டிப்போனார்.

அப்புறம்தான் பேச்சு பேச்சாக நடந்தது. ஏஜெண்டு இடையில் இருந்து சொன்னார்: அந்தக் குட்டியைக் கொடுக்க அவருக்கு அரை மனசுதானாம். இன்னும் ரெண்டு வருஷம் தன் மண்குளத்திலேயே விட்டுப் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தாராம். உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி, வெயில் எப்படி, தொட்டி எவ்வளவு ஆழம், பகலில் நிழல் விழுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். சித்ரா சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் தலை ஆடியது. தான் வளர்த்ததைக் கொடுக்கும் முன்னால், வாங்குகிறவளிடம் இத்தனை கேள்வி கேட்டாரே ஒரு மனுசன்! கல்யாணத்துக்கு அவளைப் பெண் பார்க்க வந்தபோது கூட அவளிடம் யாரும் இத்தனை கேட்கவில்லை. கடைசியில் அவர் தண்ணீருக்குள் கையை விட்டு அந்தக் குட்டியை லேசாகத் திருப்பிக் காட்டி, தலையசைத்தார். சித்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது, என்ன கண்றாவி என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

குட்டி வந்து சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அனுமதி, சோதனை, சென்னையில் தனித்தொட்டியில் காவல், அதெல்லாம் முடிந்து ஆக்சிஜன் அடைத்த பையில் ரயிலேறி வந்தது. வந்தபிறகும் அதைத் தனித் தொட்டியில் வைத்துத்தான் மற்றதோடு சேர்த்தாள். அதற்காகவே தொட்டியில் இருந்த பித்தளைக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டாள்.

"நல்ல கொழாயை ஏன் கழட்டுன?"

"செம்பு, பித்தளையெல்லாம் மீனுக்கு ஆகாதுங்க. தண்ணியில அதுலேர்ந்து எறங்குறது அதுக்கு வெசம். செவுள் வெந்து செத்துப்போகும்."

"நாங்கள்லாம் செம்புல தண்ணி குடிச்சுத்தான் வளந்தோம். இப்ப என்ன ஆகிப்போச்சு?"

செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பிரயோஜனம்? விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு செய்தாள். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

மாசங்கள் போயின. குட்டி ஒரு சாணிலிருந்து வளர்ந்து முழங்கை நீளத்தை எட்டப் பார்த்தது. கலங்கலாக இருந்த சிவப்பு திரண்டு, ஓரம் கத்தரித்து வைத்தாற்போல நின்றது. காலையில் அவள் தொட்டி ஓரம் உட்கார்ந்தால் அதுவே வந்து விரலைச் சப்பும். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, யாருக்கும் ரவிக்கை பாக்கி இல்லை. அது அவளுடையது. இந்த வீட்டில் அவள் கண்ணால் பார்த்து, அவள் வாயால் பேசி, அவளே எடுத்தது என்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் நெற்குப்பையில் இருக்கும் முத்துராமலிங்கத்தின் அக்கா பொன்னுத்தாயி மகளுக்குச் சடங்கு வந்தது. சுபா வயசுக்கு வந்துவிட்டாள், மண்டபம் பிடித்தாயிற்று, தாய்மாமன் சீர் வர வேண்டும். தாய்மாமன் சீர் என்றால் இந்தப் பக்கத்தில் சும்மா இல்லை. தட்டு எத்தனை, வெடி எத்தனை, கொட்டு எந்த ஊர் என்று அடுத்த சடங்கு வரைக்கும் பேசுவார்கள். தாய்மாமன் ஒருத்தர் என்றால் பரவாயில்லை, இங்கே ரெண்டு பேர். முத்துராமலிங்கத்தின் தம்பி செல்வம் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் சுபாவுக்கு ரிப்பன் கட்டிய புது ஸ்கூட்டர் இறக்கப் போகிறான் என்று சேதி வந்ததும் மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மூத்தவன் நானு. தட்டுல ஆப்பிளையும் சாத்துக்குடியையும் தூக்கிட்டுப் போனா எவன் மதிப்பான்?"

"கரிச்சானை அலங்காரம் பண்ணி முன்னால நடத்திக் கூட்டிப் போங்க. ஊரே பாக்கும்," என்றாள் சித்ரா.

"அது வெறும் ஊர்வலத்துக்குத்தானே, திரும்பக் கூட்டியாந்துருவோம். வைக்கிறதுக்குன்னு ஒண்ணு வேணும்ல, எவனும் வைக்காததா?" என்று மோட்டைப் பார்த்து யோசித்தார்.

அந்த யோசனை எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சடங்குக்கு முதல் நாளே அத்தைக்காரி போய் நிற்க வேண்டும் என்று அவள் நெற்குப்பைக்குப் பஸ் ஏறினாள். கிளம்பும்போது கொல்லையில் தேனம்மை ஆச்சி வீட்டுச் செம்பு அண்டாவைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். அண்டா செக்கச்செவேல் என்று தகதகத்தது. பழம் வைத்துத் தூக்கிப்போக இரவல் வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ளுங்கள், ஆச்சியிடம் ஒரு அண்டாவைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்கிறது அந்த மனுசனுக்கு.

மறுநாள் காலை மண்டபம் நிறைந்துவிட்டது. சுபாவைப் பட்டும் நகையுமாக மேடையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். பாவம், தலை முழுக்கப் பூ, கழுத்து முழுக்க மாலை, மின்விசிறி பக்கத்தில் இருந்தும் வேர்த்துக் கொட்டியது. "அத்தை, எப்ப அத்தை எந்திரிக்கலாம்?" என்று அரை மணிக்கு ஒருதரம் சித்ராவைக் கேட்டாள். "இன்னுங் கொஞ்ச நேரந்தான்டா" என்று சித்ராவும் அரை மணிக்கு ஒருதரம் பொய் சொன்னாள்.

வெடிச் சத்தம் கேட்டது. பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் வந்துவிட்டது. முதலில் கொட்டு, அப்புறம் கொம்பில் பட்டுத் துண்டு கட்டிய கரிச்சான், அப்புறம் தட்டு தட்டாகப் பெண்கள், செல்வத்தின் ஸ்கூட்டர். எல்லாவற்றுக்கும் பின்னால் நாலு ஆட்கள் ஒரு செம்பு அண்டாவைக் கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். மேலே சிவப்புப் பட்டு மூடியிருந்தது. நடக்க நடக்க அண்டாவிலிருந்து தண்ணீர் தளும்பி விழுந்தது.

பழத்துக்கு எதற்குத் தண்ணீர்?

மேடைக்கு முன்னால் அண்டாவை இறக்கினார்கள். முத்துராமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டை உருவினார். மைக்செட்டுக்காரன் தொண்டையைக் கனைத்தான்.

"தாய்மாமன் முத்துராமலிங்கம் அவர்கள் தன் மருமகளுக்கு, ஜப்பான் நாட்டிலிருந்து விமானத்தில் வரவழைத்த தங்கமீன்!"

தங்கமீனாம்! குலவை எழும்பியது. விசில் பறந்தது. நூறு போன்கள் அண்டாவுக்கு மேலே வந்து கவிழ்ந்தன. முத்துராமலிங்கம் மைக்கைப் பிடுங்கினார்.

"இது எம் பொஞ்சாதி சித்ரா எடுத்த மீனு. ஜப்பான்காரருகிட்ட வீடியோவுல பேசி, ஆயிரத்துல ஒண்ணைப் பாத்து எடுத்தா. அவ கண்ணு அப்புடி. சிவகங்கைச் சீமையில வேற எவன் வீட்லயாவது இருக்கான்னு கேட்டுப் பாருங்க!"

இத்தனை வருஷத்தில் அவள் செய்த ஒன்றைப் பற்றி அவர் நாலு பேர் முன்னால் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதை நின்று கேட்கக்கூட முடியாமல் சித்ரா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அண்டாவுக்கு ஓடினாள்.

தண்ணீரில் அழகுக்கு ரோஜா இதழ் தூவியிருந்தார்கள். அவள் மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. தேங்காய் வெள்ளை எல்லாம் போய், மேலே கொழகொழவென்று சளி படர்ந்திருந்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. நிமிர்ந்து நிற்க முடியாமல் ஒருபக்கம் சாய்ந்தது, சுதாரித்தது, மறுபடி சாய்ந்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீக! செம்பு ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"கத்தாத. வர்ற வழியெல்லாம் பிளாஸ்டிக் வாளியிலதான் கொண்டாந்தேன். கோயில்ல வச்சுத்தான் மாத்துனேன். பிளாஸ்டிக் வாளியில சீர் தூக்கிட்டுப் போனா சிரிப்பாச் சிரிக்க மாட்டாங்க?"

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் கையை விட்டாள். அந்தக் கையைப் பொன்னுத்தாயி வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா சித்ரா, என்ன காரியம் பண்ற? சபையில வச்ச சீர்ல கை வைக்கலாமா? எம் புள்ளைக்கு வச்சதை எடுத்தா அவளுக்கு ஆகுமா? நல்ல நாளும் அதுவுமா அபசகுனம் பண்ணாத."

"மதினி, இது சாகப்போகுது மதினி!"

"சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும். எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் எடுத்து வேற தண்ணியில விட்டுக்கலாம்."

முத்துராமலிங்கம் அவள் காதோரம் குனிந்தார். "விடு சித்ரா, மானத்தை வாங்காத. செத்தா வேற ஒண்ணு வாங்கிக்கலாம். இப்ப என்ன ஆகிப்போச்சு?"

அதுதான். அந்தச் சொல்தான். ஆயிரத்தில் ஒன்று என்று மைக்கில் சொன்ன வாய்தான் வேறொன்று வாங்கிக்கலாம் என்றும் சொன்னது. சித்ராவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. அழுகை வரவில்லை. கத்தினால் பொன்னுத்தாயி கையை விடமாட்டாள், கெஞ்சினால் மனுசன் காதில் ஏறாது. வச்ச சீரை எடுக்கக் கூடாது. சரி. எடுக்கத்தான் கூடாது.

நிமிர்ந்து பார்த்தாள். மண்டப வாசல் தூணில் கரிச்சான் கட்டிக் கிடந்தது. பட்டுத் துண்டு, சலங்கை, நெற்றியில் சந்தனம். யாரோ வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

கணவன் கையிலிருந்த மைக்கை அவள் வாங்கினாள். அவர் என்னமோ நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து விட்டுக் கொடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான்தான் சுபாவுக்கு அத்தை, சித்ரா பேசுறேன்." "இந்த மீனு சும்மா ஊர்வலத்துல வேடிக்கை பாக்கக் கொண்டாந்தது. தாய்மாமன் வைக்கிற சீரு இது இல்லை. ஒத்தை மீனை வச்சுட்டுப் போற வீடா எங்க வீடு? அந்தா வாசல்ல கட்டியிருக்கே, சிராவயல்ல புடிபடாத காளை, கரிச்சான், அதுதான் எங்க மதினி மகளுக்கு நாங்க வைக்கிற சீரு!"

மண்டபத்தின் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. குலவை என்ன, விசில் என்ன, கொட்டுக்காரர்கள் கேட்காமலே அடிக்க ஆரம்பித்தார்கள். வெளியே ஒருத்தன் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டான். செல்வம் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி வாயைப் பிளந்தான். மீனைப் பார்த்துக்கொண்டிருந்த நூறு போனும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்துத் திரும்பின.

பொன்னுத்தாயி சித்ராவின் கையை விட்டுவிட்டாள். விட்ட கையால் அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். "என் தங்கம்! எந்தத் தாய்மாமன்டி காளையைத் தூக்கிக் குடுப்பான்!" என்று கண்ணீர் விட்டாள். மேடையில் சுபா மாலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றே விட்டாள். "அத்தை, மீனைச் சீக்கிரம் தூக்கிட்டு ஓடுங்க" என்று கத்தியது அந்தச் சத்தத்தில் சித்ராவுக்கு மட்டும் கேட்டது.

முத்துராமலிங்கம் அப்படியே நின்றார். நாலு பேர் வந்து கையைக் குலுக்கினார்கள். ஒருத்தர் மாலை போட்டார். இல்லை என்று சொல்ல வாய் வருமா, அத்தனை சனத்துக்கு முன்னால்?

சித்ரா மீனை ஈர முந்தானையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். சமையல்காரர்கள் அரிசி களைகிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, போர் தண்ணீரைத் திறந்து நிரப்பி, மீனை விட்டாள். அது அடியில் போய்ச் சாய்ந்தது. ஒரு கையில் போன். "பாய், செம்பு அண்டாவுல போட்டுட்டாக பாய்!"

"யா அல்லாஹ்! எந்தக் கூறுகெட்டவன்... சரி, அது கெடக்கட்டும். தண்ணியை மாத்துனீகளா? இப்ப ஒரு செம்பால... செம்பு வேணாம், வேணாம், பிளாஸ்டிக் கப்பால மோந்து ஒசரத்துலேர்ந்து ஊத்துங்க தங்கச்சி. காத்து உள்ள எறங்கணும். நிறுத்தாம ஊத்துங்க. இன்னொரு தடவையும் தண்ணியை மாத்துங்க. நான் மருந்து எடுத்துக்கிட்டு வண்டியில வர்றேன்."

அவள் ஊற்ற ஆரம்பித்தாள். மோந்தாள், தூக்கினாள், ஊற்றினாள். கை கடுத்தது. பட்டுப் புடவை இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்து காலைச் சுற்றிக்கொண்டது. சமையல்காரர் ஒருவர் வந்து, "ஏம்மா, அது எங்க அரிசித் தொட்டியாச்சே" என்றார். அவள் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டார். எவ்வளவு நேரம் ஊற்றினாளோ, செவுள் படபடப்பது கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. வால் ஒருதரம் அசைந்தது. மீன் மெல்ல நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்து, அந்தத் தடவை நின்றது.

பின்னால் செருப்புச் சத்தம். முத்துராமலிங்கம் கழுத்தில் மாலையோடு வந்து நின்றார். வாசலில் கரிச்சானைச் சுற்றி இன்னும் கொட்டு அடங்கவில்லை. அவர் ஒரு கவிழ்த்த சட்டிமேல் உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கன்னுக்குட்டியா இருக்கயில தோள்ல தூக்கிப்போட்டுக் கொண்டாந்தேன் அதை," என்றார். "மழைன்னா நான் கொட்டத்துலதான் படுப்பேன், உனக்குத் தெரியும். இத்தனை சனத்துக்கு முன்னால நீ பாட்டுக்கு மைக்கைப் புடிச்சுக் குடுத்துட்ட. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சித்ரா?"

சித்ராவின் கை அந்தரத்தில் நின்றது. கப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கித் தொட்டிக்குப் போயிற்று. அடியில் நின்று செவுளை அசைத்துக்கொண்டிருந்த மீனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

எழுந்து வந்து அவள் கையிலிருந்த கப்பை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"நான் ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.

அவள் கப்பைக் கொடுத்தாள். அவர் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தண்ணீரை மோந்து தூக்கினார்.

"இம்புட்டு ஒசரம் போதுமா?"

"பத்தாது," என்றாள் சித்ரா, புடவையைப் பிழிந்துகொண்டே. "இன்னும் தூக்கி ஊத்துங்க."